பாதி மேடை

நுழையும்முன்

நட்பு பல வழிகளில் அரும்பும். ஒரே தெருவில் வாழ்வதால் வளரும் நட்பு உண்டு. ஒரே பள்ளியில் பயில்வதால் வளரும் நட்பும் உண்டு. இசையால் ஒன்றுபட்ட இருவரின் தோழமையோ இவற்றினின்று சற்றே வேறானது. அதில் ஒருவர் மறைந்தால், மற்றவரின் பாட்டிலும் ஒரு பகுதி மறைந்துவிடுகிறது. எஞ்சிய பகுதியை வைத்துக்கொண்டு அவர் எவ்வாறு பாடுகிறார்? கொங்கு மண்ணில் பிறந்த கலைஞர் ஒருவரின் வாழ்வைக் கொண்டு இவ்வினாவுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

வள்ளியும் வேலனும்

ஊர்ப்புறத்தில் ஒரு கீற்றுக்கொட்டகை. நள்ளிரவு நெருங்குகிறது. சுற்றுப்புற ஊர்களிலிருந்து மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள் தரையில் பாய் விரித்து அமர்ந்திருக்கின்றனர். மேடையில் தினைப்புனம், பரண்மேல் வள்ளி நின்று பறவைகளை ஓட்டிப் பாடுகிறாள். அவள் குரல் அடங்குமுன் திரைமறைவிலிருந்து வேறொரு குரல் எழுகிறது. வேலன் இன்னும் மேடைக்கு வரவில்லை. அவன் குரல் மட்டும் வந்துவிட்டது. கூட்டம் நிமிர்ந்து உட்காருகிறது. உறங்கிய பிள்ளைகளைத் தாய்மார் தட்டி எழுப்புகின்றனர்.

அதன்பின் நிகழ்வது நாடகம் மட்டுமன்று. இரு குரல்களின் உரையாடல். வேலன் ஒரு வினாவைப் பாட்டாகத் தொடுக்கிறான். வள்ளி அதே இராகத்தில் விடை கூறுகிறாள். அவன் ஒரு படி மேலே செல்ல, அவளும் ஒரு படி மேலே செல்கிறாள். ஆர்மோனியம் இருவரையும் பின்தொடர்ந்து ஓடுகிறது. அடுத்த வரி எது என்பது கேட்போருக்குத் தெரியாது. பல நேரங்களில் பாடுவோருக்கும் தெரியாது.

1920களின் பிற்பகுதியில் தமிழகத்து மக்கள் இவ்வாறு விடிய விடிய விழித்திருந்து கேட்ட இரு குரல்கள் உண்டு. வேலனின் குரல் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுடையது. வள்ளியின் குரல் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளுடையது.

காவிரிக்கரையும் மலையடிவாரமும்

ஈரோட்டுக்குத் தெற்கே, காவிரியின் மேற்குக் கரையில் அமைந்த ஊர் கொடுமுடி. தேவாரப் பாடல் பெற்ற மகுடேசுவரர் கோயில் அங்கு உள்ளது. அவ்வூரில் 1908ஆம் ஆண்டு எளிய குடும்பம் ஒன்றில் சுந்தராம்பாள் பிறந்தார். அவர் பெயருக்கு முன்னுள்ள ‘கே’ ஊரைக் குறிக்கும். ‘பி’ என்பது தாய் பாலாம்பாளைக் குறிக்கும். வறுமையில் பிள்ளைகளை வளர்த்த தாயின் பெயரை வாழ்நாள் முழுதும் தம் பெயரோடு சுமந்தவர் அவர்.

புகைவண்டியில் பாடிய சிறுமியின் குரலில் மனம் ஈடுபட்டோர் அவரை நாடக மேடைக்குக் கொண்டுசேர்த்தனர் என்று அவர் வரலாற்றைக் கூறுவோர் குறிப்பிடுவர். நல்லதங்காள் நாடகத்தில் பசியால் வாடும் சிறுவனாக அவர் பாடியபோது அவையோர் கண் கலங்கினர் என்பர். பசியை அறிந்த குழந்தை பசியைப் பாடியது. அவையோர் உருகியதில் வியப்பில்லை.

கிட்டப்பா 1906ஆம் ஆண்டு, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலுள்ள செங்கோட்டையில் பிறந்தார். அவ்வூர் அக்காலத்தில் திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்தது. அவரும் சிறு வயதிலேயே மேடையேறியவர். பள்ளியில் கற்றதைவிடச் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக மரபில் கற்றது மிகுதி. ஐந்து கட்டைச் சுருதியிலும் தடையின்றி மேலே செல்லும் குரல் என்று இசையுலகம் அவர் குரலை நினைவுகூர்கிறது.

தெரிந்து தெளிவோம்: ஆர்மோனியத்தின் கட்டைகளுள் எதனை ஆதார ஸட்ஜமாகக் கொண்டு ஒருவர் பாடுகிறாரோ, அதன் எண்ணே அவர் சுருதியின் பெயராகும். பொதுவாக ஆண்கள் ஒன்று அல்லது ஒன்றரைக் கட்டையிலும், பெண்கள் நான்கு அல்லது ஐந்து கட்டையிலும் பாடுவர். ஒலிபெருக்கி இல்லாத மேடையில் கடைசி வரிசையையும் எட்ட வேண்டியிருந்தமையால் நாடகக் கலைஞர்கள் உயர்ந்த சுருதியை மேற்கொண்டனர்.

கடல் கடந்த சந்திப்பு

கொடுமுடிக்கும் செங்கோட்டைக்கும் இடைப்பட்ட தொலைவு மிகுதி. அவ்விரு ஊர்க் கலைஞர்களும் ஒன்றாக மேடையேறிய இடமோ இரண்டுக்கும் அப்பாற்பட்டது. இலங்கையில் தமிழ் நாடகங்கள் செழித்திருந்த காலம் அது. 1926ஆம் ஆண்டு கொழும்பு நகர மேடையில் சுந்தராம்பாளும் கிட்டப்பாவும் சந்தித்தனர். எவர் குரல் எவர் குரலை வெல்லும் என்று காணவே மக்கள் திரண்டனர் என்பர். வெல்வதும் தோற்பதும் அங்கு நிகழவில்லை. ஒரு குரல் மற்றொரு குரலை மேலும் உயரத்துக்கு அழைத்துச் சென்றது.

அக்காலத்து ‘ஸ்பெஷல் நாடகம்’ இவ்வகை இசைக்கு ஏற்ற களமாக இருந்தது. வெவ்வேறு ஊர்களிலுள்ள நடிகர்கள் ஒரு நாள் நாடகத்துக்கென அழைக்கப்படுவர். ஒத்திகை பெரும்பாலும் இராது. நாடகத்தின் கதையும் பாடல்களும் அனைவருக்கும் மனப்பாடம். எனினும், தர்க்கம் எனப்படும் வாதுப்பாட்டில் எதிரில் நிற்பவர் என்ன தொடுப்பார் என்று எவரும் முன்னறிந்து கூற இயலாது. எனவே, பாடத் தெரிவதைவிடக் கேட்கத் தெரிவதே அங்கு முதன்மையானது. எதிர்க்குரலைக் கூர்ந்து கேளாதவரால் விடை கூற முடியாது. கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் சிறந்த பாடகர்கள் மட்டுமல்லர்; ஒருவருக்கொருவர் சிறந்த செவியாகவும் விளங்கினர்.

மேடைத் தோழமை வாழ்க்கைத் தோழமையாக வளர்ந்தது; இருவரும் மணவாழ்வில் இணைந்தனர். அவ்வுறவு எளிதானதன்று. கிட்டப்பா முன்பே மணமானவர். புகழும் பணமும் குவிந்த அவ்வாண்டுகளில் கசப்பும் பிரிவும் இடையிடையே நேர்ந்தன. பிரிவுக் காலத்தில் அம்மையார் அவருக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் பலராலும் படிக்கப்பட்டன. வீட்டில் பேச்சு நின்ற நாள்கள் உண்டு. ஆனால், அவ்விருவரும் ஒரே மேடையில் நின்றபோதெல்லாம் பாட்டில் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர். மனிதர்க்குள் எழும் பிணக்கையும் தாங்கி நிற்கும் தோழமை கலையில் உண்டு என்பதற்கு அவர்கள் வாழ்வு சான்று.

நின்றுபோன விடை

1933 டிசம்பர் 2 அன்று கிட்டப்பா காலமானார். அப்போது அவருக்கு 27 வயது. சுந்தராம்பாளுக்கு 25.

இருவரும் சேர்ந்து பாடிய காலம் முழுதாக எட்டு ஆண்டுகளும் இல்லை. எனினும், குழந்தைப் பருவம் முதல் மேடையையே வீடாகக் கொண்ட ஒருவருக்கு இளமையின் ஆண்டுகள் யாவும் அவையே. அத்தகைய ஒருவர் எதனை இழந்தார் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கணவரை இழந்தார் என்பது ஊரறிந்த இழப்பு. அதனினும் உள்ளே மற்றோர் இழப்பு இருந்தது. தாம் பாடும் வரி எங்கிருந்து பிறந்தது, எங்குச் சென்று சேரும் என்பதைப் பாடும்போதே உணரக்கூடிய ஒரே செவி மறைந்துவிட்டது. கூட்டம் ஆயிரமாயிரமாக அமர்ந்திருக்கலாம். கைதட்டல் கொட்டகையை அதிரச் செய்யலாம். ஆயினும், கைதட்டல் வேறு; விடை வேறு.

இசைத்தட்டுகள் எஞ்சியிருந்தன. கிட்டப்பாவின் குரல் இன்றும் கேட்கக் கிடைப்பது அவற்றால்தான். ஆனால், அக்காலத்து இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடப் பாட்டே அடங்கும். விடிய விடிய நீண்ட வாதுப்பாட்டை அதற்குள் அடைக்க இயலாது. மேலும், இசைத்தட்டு எத்தனை முறை சுழன்றாலும் ஒரே விதமாகவே பாடும். எதிரில் நிற்பவர் குரல் தாழ்ந்தால் அது தாழாது. எதிரில் நிற்பவர் புதிய சங்கதி ஒன்றைப் போட்டால் அது புன்னகைக்காது. பதிவில் குரல் எஞ்சுகிறது. அக்குரலின் செவி எஞ்சுவதில்லை. நேரில் நிகழும் இசையை விரும்பியோர் தம் தோழரை இழக்கும்போது அடையும் துயரின் தனித்தன்மை இதுவே.

காலமும் அப்போது மாறிக்கொண்டிருந்தது. 1931இல் முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ வெளிவந்தது. கோயம்புத்தூரில் சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இலேயே ‘வெரைட்டி ஹால்’ என்னும் திரையரங்கை நிறுவியிருந்தார். 1930களின் நடுப்பகுதியில் அந்நகரையடுத்த சிங்காநல்லூரில் படப்பிடிப்புக் கூடமும் எழுந்தது. கீற்றுக்கொட்டகையை நோக்கிச் சென்ற மாட்டுவண்டிகள் மெல்லத் திரையரங்கை நோக்கித் திரும்பின. ஆகவே, சுந்தராம்பாள் இழந்தது துணைவரை மட்டுமன்று. அவருடன் நின்று பாடிய உலகமும் கண்முன்னே கரைந்துகொண்டிருந்தது.

வெறுமையாக விடப்பட்ட இடம்

அதன்பின் வெண்ணிறக் கதராடையும் நெற்றி நிறைந்த திருநீறும் அம்மையாரின் அடையாளங்களாயின. எந்த ஆண் நடிகருடனும் இணையாக நடிப்பதில்லை என்று அவர் உறுதி பூண்டார். 1980இல் மறையும்வரை, ஏறத்தாழ 47 ஆண்டுகள், அவ்வுறுதியில் அவர் தளரவில்லை.

இதனைக் கேட்கும் இளைஞர் ஒருவர் இங்கு ஒரு வினாவை எழுப்பலாம். கணவனை இழந்த பெண் வெள்ளை உடுத்த வேண்டும் என்பது அக்காலச் சமுதாயம் விதித்த கட்டுப்பாடு அல்லவா? அக்கட்டுப்பாட்டைப் போற்றுதல் தகுமோ? வினா நேர்மையானது, விடையும் நேர்மையாக இருத்தல் வேண்டும். பெண்ணை ஒடுக்கிய அவ்வழக்கம் போற்றத்தக்கதன்று. ஆனால், அவ்வழக்கம் கட்டளையிட்டது வேறு; அம்மையார் செய்தது வேறு. கைம்பெண் வீட்டின் உள்ளறையில் ஒடுங்கி வாழ வேண்டும் என்றது வழக்கம். அவரோ பல்லாயிரவர் முன்னிலையில் நின்று பாடினார். நாட்டு விடுதலைக்காகக் காங்கிரசு மேடைகளில் அவர் குரல் முழங்கியது. பின்னாளில் சட்டமன்ற மேலவையிலும் உறுப்பினராக அமர்ந்தார். வழக்கம் அவரிடம் வாயடைத்துப்போகும்படி கேட்டது. அவர் தம் அருகிலுள்ள ஓர் இடத்தை மட்டும் வெறுமையாக விட்டுவிட்டு, எஞ்சிய உலகம் முழுவதையும் நோக்கி வாய் திறந்தார்.

அவர் ஏற்ற வேடங்களை வரிசைப்படுத்தினால் இவ்வுண்மை புலனாகும். 1935இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் அவர் ஆண் வேடம் பூண்டு நந்தனாராகவே நடித்தார். அதற்கென ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றது அந்நாளில் நாடெங்கும் பேசப்பட்டது. வேதியராக நடித்தவர் இசை மேதை மகாராஜபுரம் விசுவநாத ஐயர். தில்லையைக் காண ஏங்கி, வாயிலுக்கு வெளியே நிற்கும் அடியவரின் வேடம் அது. 1940இல் இளமையிலேயே துறவு பூண்ட மணிமேகலை. 1953இல் ஜெமினி நிறுவனத்தின் ஔவையார். 1964இல் ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தியடிகள். அடியவர், துறவி, புலவர், முதியவர் என அனைவரும் தனியே நடப்பவர்கள். தனியே நடப்பினும் உலகத்தோடு பேசிக்கொண்டே நடப்பவர்கள். இணை தேவைப்படாத வேடங்களை அவர் தேடினார் என்பதைவிட, இணையின் இடம் வெறுமையாக இருக்கும் வேடங்களில் அவர் குரல் தன் இயல்பான இருப்பைக் கண்டது எனல் பொருந்தும்.

ஔவையின் துயர்

ஔவையார் வேடம் அவருக்கு நிலைத்த புகழைத் தந்தது. தமிழ்மக்கள் ஔவையை எண்ணும்போது சுந்தராம்பாளின் முகத்தையே எண்ணும் அளவுக்கு அவ்வேடம் வேரூன்றியது. திரைப்படம் காட்டிய ஔவை, பல்வேறு காலத்து ஔவையார்களைப் பற்றிய கதைகள் ஒன்றுகூடிய ஓர் உருவம். அவர்களுள் மூத்தவரான சங்ககால ஔவையை இங்கு நினைத்தல் தகும். ஏனெனில், அவரும் இசையால் இணைந்த தோழர் ஒருவரை இழந்தவர்.

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்கும் ஔவைக்கும் இடையே நிலவிய நட்பைத் தமிழுலகம் நன்கறியும். இன்றைய தருமபுரியே அன்றைய தகடூர். பழங்கொங்கின் வட எல்லையை ஒட்டிய நிலம் அது. அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு அளித்தவன் அஞ்சி. அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவர் ஔவை. யாழும் முழவும் ஒலிக்கப் பாணரும் விறலியரும் சூழ்ந்த அவையில் அவர் பாட, அவன் கேட்டான். சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறையோடு நிகழ்ந்த போரில் அதியமான் மாண்டபின் ஔவை பாடிய கையறுநிலைப் பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. கொடையாளி ஒருவன் மறைந்தான் என்ற வருத்தத்தோடு அவை நின்றுவிடுவதில்லை. கேட்பவன் மறைந்தால் பாடுபவரின் உலகம் என்னவாகும் என்ற கலக்கமும் அவற்றில் உண்டு. ஆனால், அக்கலக்கத்தையும் ஔவை பாட்டாகவே கூறினார். பாட்டு நின்றது என்ற துயரைச் சொல்லவும் அவரிடம் பாட்டைத் தவிர வேறு கருவி இல்லை.

இருபது நூற்றாண்டுகளுக்குப்பின் கொடுமுடியின் மகள் ஔவையாக நின்று பாடியபோது, அத்துயரை எவரும் அவருக்குக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. அப்போது அவருக்கு ஏறத்தாழ நாற்பத்தைந்து வயது. கிட்டப்பா மறைந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்திருந்தன.

எஞ்சியவர் கடமை

தோழரை இழந்தவர்முன் இரு வழிகள் எளிதாகத் திறக்கின்றன. ஒன்று, பாட்டையே விட்டுவிடுதல். மற்றொன்று, காலியான இடத்தில் விரைந்து வேறொருவரை நிறுத்திவிடுதல். முதல் வழியில், மறைந்தவர் நேசித்த ஒன்றும் அவருடனேயே மறைகிறது. இரண்டாம் வழி பலருக்கு இயல்பாகப் பொருந்தலாம்; அதில் குற்றமில்லை. சுந்தராம்பாள் இவ்விரண்டையும் விடுத்து மூன்றாவதொன்றைத் தெரிந்தெடுத்தார். மேடையில் பாதியைக் காலியாகவே வைத்துக்கொண்டு, மறு பாதியில் நின்று முழுமையாகப் பாடினார்.

துயரை மறைத்துப் பாடவில்லை. துயரை மட்டுமே பாடவும் இல்லை. முருகனைப் பாடினார், நாட்டைப் பாடினார், நீதியைப் பாடினார். 1969இல் வெளிவந்த ‘துணைவன்’ திரைப்படப் பாடலுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அறுபது வயதைக் கடந்த அவரை வந்தடைந்தது. 1970இல் பத்மஸ்ரீ விருது வந்தது. அப்படத்தின் பெயர் ‘துணைவன்’ என அமைந்தது தற்செயலே. எனினும், அவர் வரலாற்றை அறிந்தோர் அப்பெயரைப் படிக்கும்போது ஒரு கணம் நின்றுதான் செல்வர்.

இழப்பு என்பது இளமைக்குப் புறம்பானது என்று மாணவப் பருவத்தில் தோன்றும். அம்மையாருக்கு அது 25ஆம் வயதில் வந்தது. சிலருக்கு அதற்கும் முன்பே வரக்கூடும். ஒரே திருவிழாவில் தோளோடு தோள் நின்று நாகசுவரம் கேட்ட தோழர், ஒரே பாடலுக்கு ஒரே நொடியில் தலையசைத்த தோழர், ஒரு நாள் அருகில் இல்லாமற்போகலாம். அப்போது பழைய பாட்டைக் கேட்கவே மனம் அஞ்சும். அவ்வச்சம் இயல்பானது. அதற்காக நாணவும் வேண்டா. விரைந்து அதனைக் கடக்கவும் வேண்டா. ஆயினும், அத்தோழர் கற்றுத்தந்த கேட்கும் முறை செவியில் எஞ்சியிருக்கும். எந்த இடத்தில் அவர் வியந்தார், எந்த இடத்தில் கண் மூடினார் என்பது நினைவில் இருக்கும். அதனை அழியாது காப்பதும், அடுத்து வந்து அருகில் அமர்பவருக்கு அதனைக் கற்றுத்தருவதும் எஞ்சியவரின் கடமையாகும்.

ஆண்டுதோறும் பங்குனி உத்திரத்தை ஒட்டிக் கொங்கு நாட்டு மக்கள் கொடுமுடிக்கு வந்து, காவிரித் தீர்த்தத்தைக் குடங்களில் முகந்து, காவடியோடு பழனிக்கு நடந்து செல்வர். கால் கொப்புளிக்க நடக்கும் அவ்வழியில் நீர்ப்பந்தல்கள் இருக்கும். பந்தலில் கட்டிய ஒலிபெருக்கியிலிருந்து சுந்தராம்பாளின் முருகன் பாட்டு ஒலிக்கும். ஒரு காலத்தில் வேலனின் வினாவுக்கு விடையாகப் பரண்மேலிருந்து எழுந்த குரல் அது. நடப்பவர்களுள் மூத்தவர் ஒருவர் அடுத்த வரியைத் தம்மையறியாமல் மெல்லப் பாடுகிறார். அருகில் வரும் சிறுவன் அவரைப் பார்த்து, தானும் அவ்வரியைச் சொல்லிப் பார்க்கிறான்.